ங-வில் தொடங்கும் ஒரு பேர்

வீட்டு அறையில் உட்கார்ந்து பீட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் தலைமுறை இல்லை. லேப்டாப்பில் பாட்டு செய்யத் தெரியாது. முப்பது வருஷத்துக்கும் மேலாக மெல்லிசைக் கச்சேரிகளிலும் கேசட் ரெக்கார்டிங்குகளிலும் கிடார் வாசித்துப் பிழைத்தவன். இப்போது வாரத்தில் மூன்று நாள் மொட்டைமாடி அறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களில் சிலர் அந்த அறைக்கு வந்திருக்கலாம். மின்விசிறி கிரீச்சிடும், ஆறு மணிக்கு மேல் கொசு பிடுங்கும், அந்த அறைதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம், வகுப்பு தொடங்குமுன் ஒரு பையன் ஸ்பீக்கரில் டைலர் தி கிரியேட்டர் என்ற அமெரிக்க ராப் பாடகரின் ‘நாய்ட்’ பாட்டைப் போட்டான். நானும் கேட்டிருக்கிறேன். சும்மா வாயைக் கிளறினேன்.

“இந்த கிடார் யாருப்பா வாசிச்சது?”

“டைலர் அங்கிள்.”

“டைலர் பொறக்கறதுக்குப் பதினாலு வருஷம் முந்தி வாசிச்சதுடா இது.”

“அப்ப சாம்பிளா இருக்கும். பழைய பாட்டுல இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்திருப்பாரு.”

“யாரோட பாட்டு?”

“ஏதோ ஆப்பிரிக்கன் பாட்டு அங்கிள்.”

அவன் நல்ல பையன். காது உள்ள பையன். அந்த கிடார் வரும் இடத்தில் அவன் கழுத்து தானாக ஆடுகிறது. ஆனாலும் ‘ஏதோ ஆப்பிரிக்கன் பாட்டு’ என்ற அந்த மூன்று வார்த்தை என் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

பாட்டின் பேர் ‘நிசாகுபாங்கா ங்கோசி’. பாடியது ங்கோசி ஃபேமிலி என்ற குழு. நாடு ஜாம்பியா, வருஷம் 1977, ஆல்பத்தின் பேர் ‘45,000 வோல்ட்ஸ்’. குழுவின் தலைவர் பால் ங்கோசி. பெற்றோர் வைத்த பேர் பால் டாப்சன் நியிரோங்கோ. ‘ஙப் போல் வளை’ என்று ஔவையார் சொன்னதைத் தாண்டி ங-வில் தொடங்குகிற வார்த்தை எதையும் நாம் பள்ளியில் படித்ததில்லை. அங்கே நியாஞ்சா மொழியில் அது சாதாரணம். ங்கோசி என்றால் ஆபத்து, விபத்து. பாட்டின் தலைப்பையே ‘உனக்கு ஆபத்து வைக்கிறேன் பார்’ என்று கிட்டத்தட்டத் தமிழில் சொல்லலாம். இப்படி ஒரு வார்த்தையைத் தன் பேரோடு ஒட்டிக்கொள்ள எவ்வளவு தெம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் ‘டேஞ்சர்’ என்று பட்டப்பேர் வைத்துக்கொண்ட ஒரு டிரம்மரை எனக்குத் தெரியும், ஆனால் அவர் அதைப் போஸ்டரில் போட்டுக்கொண்டதில்லை.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் செம்பைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கிடார் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் அதுதான்.

வடக்கு ரொடீசியா என்ற பேரில் பிரிட்டிஷார் வைத்திருந்த நாடு 1964 அக்டோபர் 24 அன்று ஜாம்பியா ஆனது. நாலு பக்கமும் நிலம், கடல் கிடையாது. ஆனால் வடக்கே காப்பர்பெல்ட் என்கிற செம்புச் சுரங்கப் பகுதி இருந்தது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செம்பிலிருந்துதான் வந்தது. கிட்வே, சிங்கோலா, முஃபுலிரா என்று சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் கையில் கொஞ்சம் காசு புழங்கியது. சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ரேடியோ கிடைத்தது, வெளிநாட்டு இசைத்தட்டு கிடைத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ், ஹெண்ட்ரிக்ஸ், ஜேம்ஸ் பிரவுன், டீப் பர்பிள், பிளாக் சப்பாத் எல்லாம் காதுக்கு வந்தன. கிடார் வாங்கினார்கள். முதலில் அப்படியே காப்பி அடித்தார்கள். நாமும் அப்படித்தானே தொடங்குகிறோம்?

அப்புறம் நாட்டின் முதல் அதிபர் கென்னத் கவுண்டா ஒரு காரியம் செய்தார். அவரும் கிடார் வாசிப்பவர்தான். நாட்டு வானொலியில் ஒலிபரப்பாகும் இசையில் 95 விழுக்காடு ஜாம்பிய இசையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் வாதாடலாம். கவுண்டா ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்த மனிதர், அவர் போட்ட உத்தரவையெல்லாம் கொண்டாட நான் தயாராக இல்லை. ஆனால் இந்த ஒரு உத்தரவு ஒரு பள்ளத்தை வெட்டியது, தண்ணீர் தானாக வந்து நிறைந்தது. ஹெண்ட்ரிக்ஸ் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சொந்தமாக எழுதியே ஆகவேண்டிய கட்டாயம் வந்தது. கையில் இருந்த கிடாரும் அதன் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெட்டியும் மேற்கத்தியது, வாயில் இருந்த மொழியும் காலில் இருந்த தாளமும் வீட்டுடையது. இரண்டும் சேர்ந்து வந்ததற்கு ஜாம்ராக் என்று பேர் வந்தது.

1972-இல் விட்ச் என்ற குழு ‘இன்ட்ரொடக்‌ஷன்’ என்று ஒரு ஆல்பம் போட்டது. ‘வீ இன்டெண்ட் டு காஸ் ஹேவக்’, அதாவது ரகளை செய்வதுதான் எங்கள் நோக்கம் என்ற வாசகத்தின் முதலெழுத்துகள்தான் அந்தப் பேர். பாடகர் இமானுவேல் சாண்டா, 1951-இல் பிறந்தவர். மேடையில் அவர் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் பேரை ஆப்பிரிக்க வாய்க்கு ஏற்ப மாற்றி ‘ஜகாரி’ என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்தது. அமனாஸ் என்ற குழு 1975-இல் ‘ஆப்பிரிக்கா’ என்று ஒரு ஆல்பம் போட்டது. மூசி ஓ துன்யா என்ற குழுவில் இருந்த ரிக்கி இலிலோங்கா தனியாகவும் பாடினார். நான் இந்த வரிசையை நீட்டவில்லை, நீங்களே தேடிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது பால் ங்கோசியைப் பற்றி. இவர் தலைநகர் லுசாக்காவின் ஆள். பல்லால் கிடார் வாசிப்பார் என்பது ஊரறிந்த கதை. நானும் என் இருபது வயதில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் அதை முயன்று பார்த்தேன், கம்பி துருவின் ருசி இரண்டு நாள் நாக்கில் இருந்தது. டிரம்மில் கிறிஸி செபி டெம்போ. 1976-இல் ‘டே ஆஃப் ஜட்ஜ்மென்ட்’, அடுத்த வருஷம் ‘45,000 வோல்ட்ஸ்’. ஆங்கிலத்திலும் பாடினார், நியாஞ்சாவிலும் பாடினார். குடியிருப்புகளில் நடக்கிற குடும்பச் சண்டை, குடி, பணத்தட்டுப்பாடு என்று தெருவில் நடப்பதைப் பாட்டாக்கியவர்.

‘நிசாகுபாங்கா ங்கோசி’யை ஒரு முறை நல்ல ஹெட்போனில் முழுசாகக் கேளுங்கள். டைலர் எடுத்த துண்டை மட்டும் கேட்டால் போதாது. அந்த கிடாரின் சத்தம் சுத்தமாக இருக்காது. சொரசொரவென்று, தேங்காய்த் துருவி போல இருக்கும். அந்தச் சொரசொரப்புதான் ஃபஸ்.

ஃபஸ் எப்படி வேலை செய்கிறது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் அரிசிப் படியைத்தான் காட்டுவேன். கிடார் கம்பியின் ஒலி அலை மேடும் பள்ளமுமாகப் போகும். அதை டிரான்சிஸ்டர் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்குங்கள். படியில் கும்பாரமாக அள்ளிய அரிசியைக் கோல் வைத்துத் தலை வழிப்பார்களே, அதே மாதிரி ஒவ்வொரு மேட்டின் உச்சியும் வழிக்கப்பட்டுத் தட்டையாகிவிடும். பள்ளத்துக்கும் அதே கதி. வளைந்து போன அலை கிட்டத்தட்டச் சதுரமாகிறது. சதுர அலைக்குள் மூல ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்வரங்களும் ஏகமாகக் கலந்து வரும், அதனால்தான் ஒரே ஒரு கம்பியைத் தட்டினாலும் தேன்கூடு கலைந்த மாதிரி கேட்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. மெதுவாகத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும், சீக்கிரம் அடங்காது. நாதஸ்வரத்தில் நிற்கிற மாதிரி கிடாரிலும் ஸ்வரம் நிற்கும்.

என்னுடைய முதல் ஃபஸ்ஸை நானே செய்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு ஏசி 128 டிரான்சிஸ்டர், பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்தச் சின்ன உலோகத் தொப்பி போட்டவை. ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, நாலைந்து ரெசிஸ்டர், எல்லாவற்றையும் ஒரு அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் அடைத்தேன். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு வெயில் ஆகாது. சித்திரை மாதக் கச்சேரியில் அது தன் இஷ்டத்துக்கு உளறும். டிபன் பாக்ஸை ஈரத் துண்டில் சுற்றி வைத்து வாசித்திருக்கிறேன். அந்தப் பெட்டி எனக்கு முக்கியம், பின்னால் மறுபடி வருகிறேன்.

சரி, ஜாம்பியாவுக்குத் திரும்புவோம். 1974-இல் உலகச் சந்தையில் உச்சத்துக்குப் போன செம்பு விலை, அதே வருஷக் கடைசிக்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. செம்பை மட்டுமே நம்பியிருந்த நாடு என்ன ஆகும்? போதாக்குறைக்கு அக்கம்பக்கத்தில் எல்லாம் போர். தெற்கே இருந்த ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு ஜாம்பியா இடம் கொடுத்தது, அதற்குப் பழிவாங்க ரொடீசியப் படை எல்லை தாண்டி வந்து குண்டு போட்டது. ஊரடங்கும் விளக்கணைப்பும் வந்தன. ராத்திரி நடக்க வேண்டிய ராக் கச்சேரிகளைப் பட்டப்பகலில் நடத்தினார்கள். ‘45,000 வோல்ட்ஸ்’ வந்த 1977 என்பது இந்த நெருக்கடியின் நடுவில். அந்தப் பேர் கொண்ட இசைத்தட்டை வாங்கிப்போய் விளக்கணைத்த ஊரில் யாரோ கேட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

பிறகு டிஸ்கோ வந்தது, திருட்டு கேசட் வந்தது. எண்பதுகளில் எய்ட்ஸ் வந்தது. கவுண்டாவின் மகனே அதில் இறந்தார், அதை 1987-இல் அவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் காலத்தில் எந்த நாட்டுத் தலைவருக்கும் அந்தத் துணிச்சல் வராது. ஜாம்ராக் தலைமுறையில் பல பேர் போய்ச் சேர்ந்தார்கள். விட்ச் குழுவின் ஆரம்ப கால உறுப்பினர்களில் மிஞ்சியது ஜகாரி ஒருவர்தான். அவர் வாத்தியார் வேலை பார்த்தார், அப்புறம் ரத்தினக் கல் தேடிக் குழி தோண்டினார். பால் ங்கோசி 1989-இல் காலமானார்.

இந்த இடத்தில் வெளிநாட்டு எழுத்தாளர்கள் ஒரு வாக்கியம் எழுதுவார்கள்: ‘அதன்பின் இந்த இசை மறக்கப்பட்டது, இரண்டாயிரங்களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.’ அந்த வாக்கியத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மறந்தார்கள்? பால் ங்கோசி லுசாக்காவில் மறக்கப்பட்டவர் இல்லை. அவர் அங்கே நட்சத்திரம். எண்பதுகளில் கலிந்துலா என்ற உள்ளூர்த் தாளத்துக்கு மாறியும் சனங்களைப் பிடித்து வைத்திருந்தவர். மறந்தது லண்டனும் லாஸ் ஏஞ்சலஸும் என்றுகூடச் சொல்ல முடியாது, அவர்களுக்கு முதலில் தெரிந்தால்தானே மறக்க முடியும்! கொலம்பஸ் அமெரிக்காவைக் ‘கண்டுபிடித்த’ கதைதான்.

ஆனால் பழியைப் போட்டுவிட்டு நன்றியை விழுங்கக் கூடாது. ஷேடாக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனமும் நவ்-அகெய்ன் என்ற அமெரிக்க நிறுவனமும் இந்தத் தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடாவிட்டால் எனக்கே இவை காதில் விழுந்திருக்காது. விட்ச் குழுவின் ஆல்பங்கள் 2012-இல் ஒரே பெட்டியாக வந்தன. ‘வெல்கம் டு ஜாம்ராக்’ என்ற இரண்டு பாகத் தொகுப்பு 2017-இல் வந்தது. ஜகாரி ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 2023-இல் ‘சாங்கோ’ என்ற புது ஆல்பம் வந்தது, முந்தையது 1984-இல். நடுவில் 39 வருஷம். எழுபது வயதைத் தாண்டிய மனுஷன் மேடையில் குதிப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள், “உங்களுக்கு ஏன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது?”

2024 அக்டோபரில், டைலரின் ‘குரோமகோப்பியா’ ஆல்பம் வருவதற்கு முன்னோட்டமாக, அதன் முதல் சிங்கிளாக ‘நாய்ட்’ வந்தது. யாரோ பின்தொடர்கிறார்கள், வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று புகழ் பிடித்து ஆட்டுகிற ஒருவனின் பயம் அந்தப் பாட்டு. அதன் கழுத்தில் ‘உனக்கு ஆபத்து வைக்கிறேன் பார்’ என்ற 1977-ஆம் வருஷத்து மிரட்டலைக் கட்டினார் டைலர். சும்மா சத்தம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்ததில்லை, அர்த்தம் தெரிந்தே எடுத்த மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. குரலை அழித்துவிட்டு கிடாரை மட்டும் எடுக்கவும் இல்லை. நியாஞ்சா மொழியை அப்படியே பாட விட்டார். ஆல்பத்தின் குறிப்பிலும் பாட்டின் பேரும் குழுவின் பேரும் இருக்கின்றன. ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. நாற்பத்தேழு வருஷம் கழித்து ங்கோசி ஃபேமிலியின் அசல் பாட்டைத் தேடிக் கேட்கிற கூட்டம் உலகமெங்கும் உண்டானது. ஆக, சாம்பிள் எடுப்பதே திருட்டு என்று சொல்கிற கிழவன் நானில்லை. ஒழுங்காக எடுத்தால் அது ஒரு பாட்டுக்கு இரண்டாவது ஆயுள்.

ஒழுங்காக எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆப்பிரிக்காவிலேயே உதாரணம் உண்டு. சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-இல் ஜோகன்னஸ்பர்கில் ‘ம்புபே’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டுதான் அமெரிக்காவில் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஆனது, ‘லயன் கிங்’ படம் வரை போனது. லிண்டா 1962-இல் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்கள் வழக்காடி உடன்பாட்டுக்கு வந்தது 2006-இல். நம் பக்கத்திலும் உண்டு. 2002-இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் ‘அடிக்டிவ்’ பாட்டில் லதா மங்கேஷ்கரின் குரல் ஓடியது. பப்பி லஹிரி இசையமைத்த இந்திப் பாட்டு. லஹிரியின் பேர் போடாமல் அந்தத் தட்டை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் நிறுத்தியது.

‘மூணு செகண்டுதான் அங்கிள், ஒண்ணும் ஆகாது’ என்று உங்களில் பலர் சொல்லக் கேட்கிறேன். அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் கிடையாது. ஃபங்கடெலிக் குழுவின் ஒரு பாட்டிலிருந்து சுமார் இரண்டு நொடி கிடாரை எடுத்து, சுருதியைக் குறைத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டதற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. ‘அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் எடுக்காதே’ என்று 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பதினொரு வருஷம் கழித்து இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல் வேறு மாதிரி தீர்ப்பு சொன்னது. அவர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை 60 வருஷம். மெட்டுக்கும் வரிக்கும் தனியாக, எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம். வாசித்தவருக்கும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2012-இல் வந்த திருத்தத்தில் 38பி என்று ஒரு பிரிவு. வாசித்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்கிற உரிமை அது, பயன்படுத்தும் விதம் அதற்கு இடம் கொடுக்காத சமயம் தவிர. சட்டம் இவ்வளவு போதும், நான் வக்கீல் இல்லை.

இப்போது டிபன் பாக்ஸுக்கு வருகிறேன்.

1994-ஆம் வருஷம், ஆடி மாதத்துக்கு முன்னால். சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார்கள். அம்மன் கேசட், ஒரே நாளில் எட்டுப் பாட்டு. சாமி இறங்குகிற இடத்தில் இசையமைப்பாளர் என்னைப் பார்த்து, “தம்பி, அந்த டப்பாவுல ஒரு கொர்ர்னு சத்தம் வரும்ல, அதைப் போடு” என்றார். போட்டேன். ஒரே அறை, ஒரே டேக். எனக்கு மூன்றடி தள்ளி ஒருவர் பம்பை அடித்தார். நான் நாலு ஸ்வரத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்க, அவர் அதற்குள் புகுந்து ஒரு அடி போட்டார் பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குக் கவர் கொடுத்தார்கள். கேசட் வந்தபோது அட்டையில் அம்மன் படம், பாடகி பேர், இசை, கம்பெனி முகவரி. அவ்வளவுதான். எங்கள் பேர் இல்லை. அப்போதெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் படிக்கும் ஒரு பெண் போனில் ஒரு பீட் கேட்டுக்கொண்டிருந்தாள். பயங்கரமான பாஸ், நடுவில் என் டிபன் பாக்ஸ் ஃபஸ். சொந்தக் குழந்தை அழுகிற சத்தம் அடையாளம் தெரியாமல் போகுமா? செய்த பையனின் நம்பரை வாங்கிப் பேசினேன். பயந்துவிட்டான். வீட்டுக்கு வரச் சொன்னேன். லேப்டாப்போடு வந்தான், டீ குடித்தான், ஃபைலைக் காட்டினான். அதற்கு அவன் வைத்திருந்த பேர் ‘ஏதோ அம்மன் பாட்டு 3’.

எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். என் பேரைப் போடுகிறேன் என்றான், எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அப்புறம் அவன் லூப்பை மறுபடி ஓட்டிவிட்டுக் கேட்டான்:

“அங்கிள், உங்க கிடாருக்குள்ள ஒரு டிரம் வருதே, அதைப் பிரிக்கவே முடியல. எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் கிடாரோட ஒட்டிக்கிட்டே வருது. அதாலதான் இந்த லூப் இப்படித் தூக்குது. அது யாரு வாசிச்சது?”

பம்பை. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஒரே பொட்டலத்திலிருந்து தக்காளி சாதம் சாப்பிட்டோம். நாள் முழுக்க அவரை ‘அண்ணே, அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். பேர் கேட்கவே இல்லை.

அந்த மாடி அறைப் பையனிடம் போன மாதம் ‘யாரோட பாட்டு’ என்று அதட்டிய நான், இதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஜாம்பியாவில் 1977-இல் யார் டிரம் வாசித்தார் என்று தெரிந்து வைத்திருக்கிறேன். சாலிகிராமத்தில் என் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தவரைத் தெரியாது. அந்த ஸ்டூடியோ இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. இசையமைப்பாளர் காலமாகிவிட்டார். கேசட் கம்பெனியின் முகவரியில் செல்போன் கடை இருக்கிறது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். சாம்பிள் எடுங்கள், தாராளமாக எடுங்கள். எடுத்த பாட்டை ஒரு முறையாவது முழுசாகக் கேளுங்கள். அப்லோடு செய்யும்போது கீழே விவரம் எழுதுகிற கட்டத்தில் யார் பாட்டு, யார் வாசித்தது, எந்த வருஷம், எந்த ஊர் என்று எழுதுங்கள். காசு வருகிற பாட்டு என்றால் உரிமைக்காரரிடம் போய்க் கேளுங்கள். வாசித்தவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு போன் போடுங்கள். பயந்துகொண்டே பேசினாலும் பரவாயில்லை, அநேகமாக டீ கிடைக்கும்.

அந்தப் பையன் தன் பீட்டை இறக்கிவிட்டு, புது மிக்ஸ் செய்து வைத்திருக்கிறான். இன்னும் வெளியிடவில்லை. கிடார் என்று எழுதி என் பேர் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே பம்பை என்று எழுதி, எதிரே வெறும் கோடு இழுத்து வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் இதுவரை மூன்று கோயில் திருவிழாக்களுக்குப் போய்ப் பம்பைக் குழுக்களிடம் விசாரித்துவிட்டோம்.

உங்கள் வீட்டில், தெருவில், சொந்த ஊரில் பழைய பம்பைக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1994-இல் நாற்பது வயது இருக்கும். இடது கைப் பழக்கம், பம்பையை மற்றவர்களுக்கு நேர் எதிராகத் திருப்பிக் கட்டியிருந்தார். வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பாட்டு முடிந்ததும் தோலை ஒரு தட்டுத் தட்டி, “இன்னொண்ணு பாக்கலாமா?” என்று கேட்பார்.

அன்புடன்,
டிபன் பாக்ஸ் கிடாரிஸ்ட்